கறுப்புக் கூட்டுக்குள் நீலத் துப்பாக்கி

சனிக்கிழமை

துப்பாக்கிக்குப் பயந்து ஊரைவிட்டு இந்த நாட்டுக்கு ஓடிவந்த மனிதர் ஐம்பத்திரண்டு வயதில் எதற்காக விளையாட்டுத் துப்பாக்கி வாங்குகிறார்?

இன்று பிற்பகல் என் கணவர் சாப்பாட்டு மேசையில் அதைத் துண்டு துண்டாகப் பூட்டிக்கொண்டிருந்தார். பிளாஸ்டிக் குண்டு சுடும் சிறிய கைத்துப்பாக்கி. உண்மையானதென்று யாரும் பயந்துவிடாதபடி கடையில் நீல நிறத்தில்தான் விற்றார்கள். தபாலில் வந்த, ரைபிள் வடிவான கறுப்புக் கூட்டுக்குள் அதைப் பொருத்தியதும் விசை முன்னுக்குப் போனது, மற்றதெல்லாம் தோளில் வைக்கும் பின்கட்டைக்குள் அடங்கியது. இங்குள்ள இராணுவம் வைத்திருக்கும் கட்டைத் துப்பாக்கியேதான். நீலம் எங்கும் தெரியவில்லை.

“இதுக்குப் பேர் புல்பப்,” என்றார்.

“இதோட ரெயினில ஏறினா பொலிஸ் பேரையோ கேக்கும்?”

“உள்ளுக்கு நீலம்தானே அப்பா,” என்றார் அவர். “நீர் லோயர் மாதிரிக் கதைக்காதையும்.”

“நான் படிச்சது தாவரவியல். ஆனா எனக்குக் கண் தெரியும்.”

சிரித்தார். அடுத்த மாதம் அவருடைய டாக்சி லைசென்ஸ் புதுப்பிக்க வேண்டும். பொலிஸில் ஒரு வழக்கு விழுந்தால் அது போய்விடும். விளையாட்டுத் துப்பாக்கி உண்மையானதுபோல் தெரியக்கூடாது என்கிற சட்டம் உள்ளே இருக்கும் நீலத்தைப் பார்க்குமா, வெளியே இருக்கும் கறுப்பைப் பார்க்குமா? இரண்டு தடவை வாசித்தும் விளங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை

காலையில் பிளாஸ்டிக் குண்டு சுட்டு விளையாடும் மைதானத்துக்குப் போவதற்கு உடுத்து, அதைத் தோளில் வைத்தபடி ஹோலில் மாட்டியிருக்கும் கண்ணாடி முன் நின்றார். கண்ணாடிக்குள் துப்பாக்கியோடு ஒரு இராணுவக்காரன் நின்றான். பிறகு மேசைக்கு வந்து கூட்டின் திருகாணிகளைக் கழற்றினார். நீலத்தை மட்டும் பையில் வைத்துக்கொண்டு போனார். கூடு மேசையிலேயே கிடக்கிறது.