இன்ஜின் இல்லாத வண்டிக்கு எலுமிச்சம்பழம்

ஐப்பசி, முதல் ஞாயிறு.

எங்கள் வீட்டுப் படகுதான் கொரட்டூர் வெள்ளத்தில் தெருவையே கரையேற்றியது. அதை ஏற்றிப்போகும் டிரெய்லர் துருவேறி, போன மாதம் நாலு பேர் தள்ளியும் அசையவில்லை. பெருமழை வருவதற்குள் சரியாகாவிட்டால்... வாசலிலேயே துருவைச் சுரண்டி, பேரிங் மாற்றி, கிரீஸ் அடைத்தேன்.

இன்று படகை ஏற்றினோம். என் மனைவி செல்வி இரண்டு சக்கரத்தின் முன்னாலும் எலுமிச்சம்பழம் வைத்தாள். பக்கத்து வீட்டு பாய் சிரித்தார்.

"இன்னாம்மா, இதுல இன்ஜின் எங்க கீது? யாரு ஓட்டிப் பழத்த நசுக்குறது?"

"நான்தான் பாய்," என்று செல்வி ஒற்றைக் கையால் தள்ளினாள்.

அவ்வளவு பெரிய படகோடு வண்டி நகர்ந்தது. பழம் நசுங்கிய சத்தம் மட்டும்தான் கேட்டது. பாய் சிரிப்பை நிறுத்திவிட்டார்.

இப்போது தூறல் விழுகிறது. எழுந்துபோய் வண்டியை ஒரு விரலால் தள்ளிப் பார்த்தேன். நகர்கிறது.