மாமிக்குத் தெரியாமல் சமைத்த நத்தை

ஜூன் 20, வெள்ளி

ஆம்பூருக்கு வாழ்க்கைப்பட்டு ஏழு மாதம். இன்றும் இறால் வாசனைக்கே மாமியார் மூக்கைப் பொத்திக்கொண்டார். மார்க்கச் சட்டத்தில் ஹனஃபி பிரிவு வீடு, கடலில் மீனைத் தவிர எதுவும் ஆகாது. கீழக்கரையில் என் பிறந்த வீட்டில் நாங்கள் ஷாஃபி பிரிவு. கடல் கொடுப்பதெல்லாம் ஆகும். தொழுகிற திசை ஒன்று, சமைக்கிற சட்டி இரண்டு. எரிச்சலாக வருகிறது.

ஜூன் 21, சனி

ஊரிலிருந்து முஜாஹித் காக்கா வந்தார். என் கூடப்பிறந்த அண்ணன், வெறுங்கையோடு வருவாரா? ஐஸ் பெட்டியில் கடல் நத்தை! நாங்கள் தின்னும் சங்குச் சதை இல்லை. சின்னது, கோடு போட்டது. "வலையில கலந்து வந்துச்சு. எல்லாம் ஒண்ணுதான் லுப்னா புள்ள" என்று சொல்லிவிட்டுச் சாயங்காலமே சென்னைக்குக் கிளம்பிவிட்டார்.

நாளை மாமி வாணியம்பாடி போகிறார். என் கணவர் தன்சீல் காதோரம் வந்து, "ஒரு தடவ டேஸ்ட் பாத்தா இன்னா?" என்கிறார். ஷூ ஃபேக்டரியில் நூறு பேரை மேய்க்கிற மனிதர்!

ஜூன் 22, ஞாயிறு

ரமலானில் விட்டுப்போன நோன்பை இன்று பிடித்திருக்கிறேன், ருசிகூடப் பார்க்கவில்லை. நன்றாக வேகவைத்து, மிளகு போட்டு வறுத்தேன். தன்சீல் தட்டை வழித்துத் தின்றார்.

மூணு மணி. உதடு மரத்துப்போச்சாம். வாந்தி. கையத் தூக்க முடியல — யா அல்லாஹ்.

ஜூன் 23, திங்கள். வேலூர் ஆஸ்பத்திரி

அவர் தொண்டையில் செயற்கை மூச்சுக் குழாய். வாசல் பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நேற்று டாக்டர், "என்ன சாப்பிட்டார்?" என்றார். ஓடி வந்திருந்த மாமி முந்திக்கொண்டு, "வூட்டு சாப்பாடுதான். ஃபேக்டரி கெமிக்கலா இருக்கும்" என்றார். தன்சீலுக்குப் பேச்சு வரவில்லை, கண் மட்டும் என்னையே பார்த்தது. சொல் என்றதா, சொல்லாதே என்றதா? தலையை ஸ்கேன் எடுக்கத் தள்ளிக்கொண்டு போனார்கள். நான் மாமியின் பக்கத்தில் வாய்மூடி நின்றேன். இருபது நிமிஷம். இருபது நிமிஷம்டி லுப்னா!

பிறகுதான் டாக்டர் பின்னால் ஓடிச் சொன்னேன்.

"சில கடல் நத்தையில இயற்கையாவே விஷம் இருக்கும்மா. எவ்ளோ வேகவெச்சாலும் போகாது. மாத்து மருந்து கிடையாது. மிஷின்ல மூச்சக் காப்பாத்திட்டா, உடம்பே அத வெளிய தள்ளிடும்."

மாமி எல்லாம் கேட்டுக்கொண்டு நின்றார்.

ஜூன் 24, செவ்வாய்

குழாயை எடுத்துவிட்டார்கள். "தண்ணி" என்றார். அழுதுவிட்டேன்.

ஜூன் 29, ஞாயிறு

வீட்டுக்கு வந்து மூன்று நாள். பார்க்க வருகிறவர்களிடமெல்லாம் மாமி, "மீன் ஒத்துக்கல" என்கிறார். எனக்காகப் பொய்! திட்டியிருந்தால்கூடத் தேவலை. இன்று அடுக்களையில் தாங்க முடியாமல், "நத்தைய சமைச்சது என் தப்பு மாமி" என்றேன்.

பாத்திரம் கழுவிக்கொண்டே சொன்னார்: "அத விடு, அவன் கேட்டுத்தான் துன்னான். எம் புள்ள சாகக் கெடக்கறான், நீ சொல்லாம நின்னியே. என்னப் பாத்து அவ்ளோ பயமா உனுக்கு?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். "ஆமா" என்றுதான் வந்தது.

மாமி குழாயை மூடினார். ஈரக் கையோடு அப்படியே நின்றுகொண்டிருந்தார்.