வண்டித்தாவளம் ரோட்டில் எட்டு முறை

வண்டன்மேடு
10-11-2024

அன்புள்ள மாமாவுக்கு,

ரிஜின் எழுதுகிறேன். மௌனிகாவின் கணவன். மூன்று தடவை போன் செய்தேன், நீங்கள் எடுக்கவில்லை. அதனால்தான் தபால். இங்கே எல்லாரும் சுகம். உங்கள் சுகத்துக்கு ஜெபிக்கிறோம். இல்லை, நான் ஜெபிக்கிறேன் என்று திருத்திக்கொள்கிறேன்.

விஷயம் வண்டியைப் பற்றியது. பழைய டெம்போ டிராவலர் ஒன்றை வாங்கி, உள்ளே கட்டில், அடுப்பு, கக்கூஸ் எல்லாம் வைத்து கேம்பர் வேனாக்கி டூரிஸ்ட்டுகளைக் கூட்டிக்கொண்டு போகிறோம். நானும் ஓட்டுவேன், மௌனிகாவும் ஓட்டுவாள். ஆட்கள் வருகிறார்கள். ஆனால் வருகிறதையெல்லாம் டீசல் குடித்துவிடுகிறது. லிட்டருக்கு ஏழு கிலோமீட்டரைத் தாண்டவில்லை. இப்படியே போனால் வண்டியை விற்றுவிட்டு அப்பாவோடு ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோருக்கு வேலைக்குப் போகவேண்டியதுதான். நீங்கள் பாலிடெக்னிக்கில் காற்றும் இயந்திரமும் பாடம் நடத்தியவர். கடிதத்தோடு வண்டியின் போட்டோ வைத்திருக்கிறேன். ஏதாவது வழி சொல்லுங்கள்.

அத்தை இறந்து இரண்டு வருடமாக நீங்களும் மௌனிகாவும் ஒரு வார்த்தை பேசவில்லை. அதில் நான் நுழையவில்லை. டீசலைப் பற்றி மட்டும் எழுதினால் போதும்.

உங்கள் பிரியமுள்ள
ரிஜின்


வண்டித்தாவளம்
19-11-2024

திரு. ரிஜின் அவர்களுக்கு,

என் மகளைச் சர்ச்சில் வைத்துக் கல்யாணம் செய்துகொண்டபோது என்னிடம் யோசனை கேட்கவில்லை. டீசலுக்குக் கேட்கிறீர்கள். யார் கேட்டாலும் பாடம் சொல்லிப் பழகிவிட்டதால் பதில் எழுதுகிறேன்.

போட்டோ பார்த்தேன். கூரைமேல் ஒரு பெட்டி, அதன் முன்பக்கம் செங்குத்தாக ஒரு சுவர். காற்று என்ன, உங்கள் வண்டிக்கு வழிவிட்டு ஒதுங்கி நிற்குமா? மலையில் டீசலைத் தின்பது எடை, சமவெளியில் தின்பது காற்று. தண்ணீர்த் தொட்டியை நிரப்பிக்கொண்டு குமுளி மேட்டில் ஏறுவது எந்த ஊர் புத்தி? தங்குகிற இடத்தில் நிரப்புங்கள். கூரையில் கட்டியிருக்கும் சைக்கிள்களை இறக்குங்கள். பக்கவாட்டில் துருத்திக்கொண்டிருக்கும் பந்தல் துணியை உள்ளே வையுங்கள். டயரில் காற்று குறையாமல் பாருங்கள். எண்பதில் போகிற வண்டி அறுபதில் போனால் காற்றின் எதிர்ப்பு பாதியை ஒட்டிக் குறையும். அந்தப் பொறுமை உங்கள் வீட்டில் யாருக்கும் இருக்குமா, தெரியவில்லை.

என் மனைவியின் சாவைக் கடிதத்தில் இழுத்திருக்கிறீர்கள். அன்றைக்கு ராத்திரி வந்து ரோட்டிலேயே நின்று அழுதுவிட்டு, வாசற்படி ஏறாமல் திரும்பிப் போனவள் என் மகள். நான் மறக்கவில்லை.

இந்தக் கடிதத்தை அவளுக்குப் படித்துக்காட்ட வேண்டும் என்று இல்லை. காட்டினால் தடுக்கவும் இல்லை.

பூபதிராஜா


வண்டன்மேடு
3-12-2024

அன்புள்ள மாமாவுக்கு,

சைக்கிளை இறக்கினேன், தண்ணீரைக் குறைத்தேன், இப்போது எட்டு வருகிறது. என் அப்பா அமிர்தநாதன் உங்கள் கடிதத்தைக் கேட்டுவிட்டு, "திட்டுறாரோ, பாடம் நடத்துறாரோ, சரியாத்தாம்ல சொல்லிருக்காரு" என்றார்.

மௌனிகாவுக்கும் படித்தேன். அவள் சொன்னதை மறைக்காமல் எழுதுகிறேன், கோபிக்க வேண்டாம். "காத்து மேல இருக்கற அக்கறை ஆளுங்க மேல இருந்திருந்தா, அம்மா என்னைப் பார்த்துட்டுப் போயிருக்குமுங்க." அத்தை ஆஸ்பத்திரியில் கிடந்தபோது மகளைக் கூப்பிடச் சொல்லிக் கேட்டாராம், நீங்கள் கூப்பிடவில்லையாம். எரித்து முடித்தபிறகு சொந்தக்காரர் ஒருவரின் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸைப் பார்த்துத்தான் இவளுக்குத் தெரிந்தது. நானும் பக்கத்தில் இருந்தேன். அந்தப் போனை அவள் கீழே வைக்கவே இல்லை.

கூரைப் பெட்டியின் அந்தச் சுவருக்கு என்ன செய்யலாம், மாமா?

ரிஜின்


வண்டித்தாவளம்
16-12-2024

திரு. ரிஜின் அவர்களுக்கு,

ஆஸ்பத்திரியைப் பற்றி இனி எழுத வேண்டாம். நான் செய்ததற்குக் காரணம் இருந்தது. அதைச் சொல்லும் கடமை எனக்கு இல்லை.

பெட்டியின் முகத்துக்கு உருண்டையாக ஒரு பைபர் மூக்கு செய்து கட்டப்பனைக்கு லாரி பார்சலில் அனுப்பியிருக்கிறேன். ஆளை வைத்துச் செய்தால் வளைவைக் கெடுப்பான் என்று நானே தேய்த்தேன். காற்று மோதாமல் வழுக்கி மேலே ஏறும். மாட்டும் விதத்தை வரைந்து உள்ளே வைத்திருக்கிறேன்.

இதன் பலனை உங்கள் மலையில் அளக்க முடியாது. சமவெளி வேண்டும், நேர் ரோடு வேண்டும். தத்தமங்கலத்தில் டேங்கைக் கழுத்துவரை நிரப்பி, மீனாட்சிபுரம் செக்போஸ்ட்டுக்கு முன்பே திருப்பி, திரும்பவும் தத்தமங்கலம் வந்து அதே பங்க்கில் நிரப்புங்கள். மூக்கு இல்லாமல் இரண்டு முறை போய்வர வேண்டும், மாட்டிக்கொண்டு இரண்டு முறை. இப்போது கிழக்குக் காற்று. ஒரு பக்கம் மட்டும் ஓட்டிப் பார்க்கிறவன் முட்டாள். அறுபதைப் பிடித்தபிறகு வேகம் மாறக்கூடாது. தேவையில்லாமல் பிரேக் தொட்டால் கணக்கு பாழ்.

எந்த நாள் வருகிறீர்கள் என்று முன்கூட்டியே எழுதவும். அன்றைய காற்றை நான் இங்கே கவனித்துவைக்க வேண்டும்.

பூபதிராஜா


வண்டன்மேடு
13-1-2025

அன்புள்ள மாமாவுக்கு,

எழுதியிருந்தபடி வியாழக்கிழமை வந்து போனோம். மூக்கு இல்லாமல் லிட்டருக்கு எட்டரை. மாட்டியபின் ஒன்பதே முக்கால். இனி வண்டி தன் சோற்றைத் தானே சம்பாதிக்கும். விற்க வேண்டியதில்லை. எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை.

மற்றதையும் எழுதிவிடுகிறேன். அத்தை இறந்தபோது மௌனிகா தனியாகத்தான் வந்தாள்; உங்கள் வீடு அந்த ரோட்டில்தான் என்பது இப்போது அங்கே வந்தபிறகுதான் எனக்குத் தெரியும். மௌனிகா ஓட்டினாள். முதல் தடவை நீங்கள் கேட்டில் நிற்பதைப் பார்த்து, "உங்க அப்பாதானே? நிறுத்து" என்றேன். "அறுபதை மாத்தக்கூடாதுன்னு அவரே எழுதியிருக்காருல்ல" என்றாள். திரும்பி வரும்போதும் நின்றீர்கள். அடுத்த முறை நாற்காலி போட்டிருந்தீர்கள், ஆனால் உட்காரவில்லை. கடைசித் தடவை கையைத் தூக்கினீர்கள். நான் கை காட்டினேன். அவள் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

தத்தமங்கலத்து பங்க்கில் டீசல் போட்டு முடித்த பிறகும் ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்தே கிடந்தாள். பின்னால் வந்த லாரிக்காரன் ஹாரன் அடித்தான். அதற்குமேல் ஊர் வரை நான் ஓட்டினேன்.

மன்னியுங்கள், மாமா.

ரிஜின்


வண்டித்தாவளம்
21-1-2025

ரிஜினுக்கு,

ஒன்பதே முக்கால் சரியான முன்னேற்றம். பின்பக்க விளிம்பையும் கொஞ்சம் சரித்துவிட்டால் இன்னும் கூடும்.

நீங்கள் மன்னிப்புக் கேட்க ஒன்றுமில்லை. சொன்ன வேகத்தில் சொன்னபடி ஓட்டினாள். என் மாணவர்களில் ஒருவன்கூட இவ்வளவு ஒழுங்காகச் சொன்னதைச் செய்ததில்லை.

எட்டு முறையும் பார்த்தேன். கண்ணாடி போட்டிருக்கிறாள். எப்போதிலிருந்து என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. மெலிந்திருக்கிறாள் என்று நினைக்கிறேன். அறுபதில் போகும் வண்டியில் அதற்குமேல் தெரியாது. மதியத்துக்கு மூன்று பேருக்குச் சந்தகை பிழிந்து, தேங்காய்ப்பாலும் எடுத்து வைத்திருந்தேன். சாயங்காலம் பக்கத்து வீட்டு வினோவைக் கூப்பிட்டுக் கொடுத்தேன். என்ன விசேஷம் என்று கேட்டாள். ஒன்றுமில்லை என்றேன்.

கம்பத்திலிருந்து சின்னமனூர் பக்கம் சமவெளி ரோடு இருக்கிறது. உங்கள் மலையை விட்டு இறங்கினால் போதும். அங்கேயே அளந்திருக்கலாம். உங்களுக்கு எழுதும்போதே எனக்கு அது தெரியும். இனி அங்கே அளந்துகொள்ளுங்கள். இவ்வளவு தூரம் வர வேண்டாம்.

பூபதிராஜா


வண்டன்மேடு
2-2-2025

அப்பாவுக்கு,

கம்பம் ரோடு எனக்கும் தெரியும். மாசத்துல நாலு தடவை அதுல ஓட்டறேன். உங்க கடிதத்தை இவரு படிச்சப்பவே எதுக்கு நம்ம ஊர் ரோட்டைச் சொல்றீங்கன்னு புரிஞ்சுது. "மைலேஜ் பார்க்க இவ்வளவு டீசலா?"ன்னு இவரு சிரிச்சாரு. நான்தான் கிளப்பினேன். நிறுத்தறதுக்குத்தான் வந்தேனுங்கப்பா.

ஒவ்வொரு தடவையும் நம்ம வீடு தெரியறப்ப, அடுத்த தடவை நிறுத்திக்கலாம்னு நினைச்சேன். வேகத்தை மாத்தக்கூடாதுன்னு இவருகிட்ட சொன்னது சும்மா. ஆக்சிலரேட்டர்ல இருந்து காலு எடுக்க வரலை. உங்களைக் கேட்டுல பார்க்கறப்பெல்லாம் எனக்கு அம்மாதான் தெரிஞ்சுது. வார்டு வாசல்ல யார் செருப்பு சத்தம் கேட்டாலும் தலையைத் தூக்கிப் பார்த்துச்சாம். பக்கத்துப் படுக்கையில இருந்த அக்கா அப்புறமா எனக்குப் போன் பண்ணிச் சொன்னாங்க.

நீங்க ஒரு பகல் ரோட்டைப் பார்த்துட்டு நின்னீங்க. அதையே என்னால தாங்க முடியலை. அம்மா அத்தனை நாளும் வாசலைப் பார்த்துட்டுக் கிடந்தப்ப, பக்கத்துலயே உட்கார்ந்திருந்த உங்களுக்கு எப்படிங்கப்பா தாங்குச்சு?

வண்டியைக் காப்பாத்திக் கொடுத்தீங்க. அதை மறக்க மாட்டேன். கண்ணாடி போட்டு ஒரு வருஷமாச்சு. இனி அந்தப் பக்கம் வரமாட்டேன்.

காரணம் இருந்துச்சுன்னு இவருக்கு எழுதியிருந்தீங்க. அது என்னன்னு எனக்கு எழுதாதீங்க. எழுதினா நான் நம்பிருவேன்.

மௌனிகா