வாணி விலை கேட்டாள்

1982 ஆவணி, வெள்ளி இரவு.

இவர் பாரிசுக்குப் போவது வீட்டுக்கு வெளியே ஒருவருக்கும் தெரியாது. இவருடைய கூட்டாளியை ஆமிக்காரர் பிடித்துக்கொண்டு போனபிறகு எடுத்த முடிவு. அங்கே வணக்கம் சொல்லாமல் விலை கேட்டால் கடைக்காரர் முகம் கொடுக்கமாட்டார்களாம். அதனால் பின்னேரங்களில் பிரெஞ்சு பேசிப் பழக நான் கடைக்காரி, இவர் வாங்குபவர். நாலு வயது மகள் வாணி நடுவில் இருந்து கேட்டுக்கொண்டிருப்பாள்.

இன்று சுன்னாகம் சந்தையில் கத்தரிக்காய் விற்பவரைப் பார்த்து அவள், "போன்ஜூர் மெசியூ, செ கொம்பியன், சில் வூ ப்ளே?" என்று, இவர் பழகுகிற மாதிரியே வணக்கம் சொல்லி விலை கேட்டாள்.

"என்ன தங்கச்சி, பிள்ளை கத்தரிக்காய்க்கு மந்திரம் ஓதுது?" என்று அவர் சிரித்தார்.

"நேசரிப் பள்ளிக்கூடத்திலை பழக்கினது அண்ணை" என்றேன்.

பக்கத்தில் நின்ற ஒருவன் சிரிக்கவில்லை. குனிந்து, "உது பிரெஞ்செல்லோ. அப்பா எப்ப பிள்ளை பயணம்?" என்று வாணியிடம் கேட்டான்.

"ஞாயிற்றுக்கிழமை கோச்சியிலை போறார்." நாளையும் ரயிலையும் சொல்லிவிட்டாள்.

பெரியாக்கள் கேட்டால் மரியாதையாகப் பதில் சொல்லப் பழக்கியதும் நான்தான். அவன் ஒன்றும் வாங்காமல் போய்விட்டான். பொழுதுபடும் நேரம் எங்கள் ஒழுங்கையில், ஒவ்வொரு வீட்டுப் படலையாகப் பார்த்தபடி சைக்கிளை உருட்டிக்கொண்டு போனான்.

இவரிடம் இன்னும் சொல்லவில்லை. பிள்ளையை ஏசுவாரோ என்று பயந்திருந்தேன். இப்போது அது ஒரு பயமாகவே தெரியவில்லை. அவன் ஆமிக்குச் சொல்லிவிடுவான்; ஞாயிறுவரை இவர் இங்கே இருக்க ஏலாது. இவரை எழுப்பப் போகிறேன்.