லீலாவுக்காகப் போட்ட தரை

வல்லம் வடகால்
25.8.1991

அன்பு மகள் லீலாவுக்கு அம்மா சரோஜா எழுதுவது. பம்பாயில் நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருக்க மணிமங்கலத்துப் பெருமாளை வேண்டிக்கொண்டிருக்கிறேன். இங்கே எல்லோரும் சுகம் என்று எழுதத்தான் கை வரவில்லை. ஏழாம் மாசம் பிறந்ததும் பிரசவத்துக்கு வருகிறேன், டிக்கெட் எடுக்கட்டுமா என்று கேட்டிருந்தாய். பதில் எழுத இத்தனை நாளாகிவிட்டது, கோபித்துக்கொள்ளாதே.

ஏரிக்கரைப் பக்கம் பழைய பேட்டரிகளை உடைத்து ஈயம் காய்ச்சினார்களே, உன் அப்பா வேலை பார்த்த பட்டறை, அதை மூடி மூன்று வருஷமாகிறது. முதலாளி தகரத்தையும் உலையையும் பிரித்துக்கொண்டு போய்விட்டார், ஈயம் எடுத்தபின் கழித்துக் கொட்டிய கரிக்கட்டி மட்டும் மேடாகக் கிடந்தது. கல் மாதிரி கெட்டியாக இருக்கிறதே என்று சுற்றுப்பட்ட ஊர்க்காரர்கள் எல்லோரும் வண்டி வண்டியாக அள்ளி வீட்டுக்கும் வாசலுக்கும் போட்டார்கள். உன் அண்ணன் ரத்தினமும் உன் கல்யாணம் முடிந்த கையோடு, நாளைக்கு உன் பிரசவத்துக்கு ஆகுமென்று பின்பக்கம் ஒரு அறை கட்டி, அதைக் கொட்டித்தான் தரை போட்டான். மேலே மண் போட்டு மெழுகினோம். அத்தை ரூம் அத்தை ரூம் என்று அவன் மகள் இசைவாணி அங்கேயே விளையாடி அங்கேயே தூங்குவாள். தரையைச் சுரண்டி வாயில் போடுவாள், அதட்டினால் "இனிக்குது ஆயா" என்பாள். மாசி மாசம் வயிற்று வலி என்று ஆரம்பித்தது, பூச்சி மருந்து கொடுத்தோம், மந்திரித்தோம், பிள்ளை வெளுத்துக்கொண்டே போனாள். ஆனியில் வலிப்பு வந்து கண் செருகிவிட்டது. அண்ணனும் அண்ணி பாப்பம்மாளும் மெட்ராஸ் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். ரத்தத்தைப் பார்த்த டாக்டரம்மா, உங்கள் ஊரில் ஈயம் காய்ச்சுகிறார்களா என்று கேட்டார்களாம். ஊசி போட்டு உயிரைக் காப்பாற்றிவிட்டார்கள், ஆனால் பேச்சு போய்விட்டது லீலா. கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிறாள், அவ்வளவுதான். அப்பாவுக்கு இரண்டு மணிக்கட்டும் தொங்கிப்போனதை நாம் வாதம் என்று நினைத்தோமே, அதுவும் ஈயத்தால்தானாம்.

ரத்தினம் வந்ததும் கடப்பாரையால் அந்தத் தரையைப் பெயர்த்தான். பாதியில், "இத்த எங்கம்மா கொண்டுபோய்க் கொட்றது, ஊரு முச்சூடும் இதானே கீது" என்று உட்கார்ந்துவிட்டான். ஊர்க்கூட்டத்தில் சொன்னதற்கு, பெரியவர் பாண்டுரங்கன், "வாய மூடிக்கினு இரு, வெளிய தெரிஞ்சா நம்ம பொண்ணுங்கள எவன் கட்டுவான்" என்று அடக்கிவிட்டார். பக்கத்து ஊரிலும் பிள்ளைகளுக்கு வலிப்பாம், அவர்களும் மூடி மறைக்கிறார்கள். அண்ணி பிள்ளையோடு தண்டலத்தில் தன் அம்மா வீட்டில் இருக்கிறாள், இந்த வீட்டு வாசலை மிதிக்கமாட்டேன் என்று சொல்லி அனுப்பிவிட்டாள். அவள் மேல் தப்பு சொல்ல முடியாது. நாங்கள் எங்கே போவது, இந்த வீட்டை விட்டால் நிற்க இடம் ஏது.

தாய் உடம்பில் ஏறினால் வயிற்றுப் பிள்ளைக்கும் ஏறும் என்று டாக்டரம்மா சொன்னார்களாம். அதனால் நீ வரவேண்டாம் லீலா. உன் அப்பா முதலில், "நம்ம வூட்ல பொறக்காம வேற எங்க பொறக்கும்" என்று கத்தினார். தண்டலம் போய் இசைவாணியைப் பார்த்து வந்த பிறகு, "வரவேணாம்னு எழுது" என்று சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அவருக்குச் சோறு ஊட்டிவிட ஆள் வேண்டும், நானும் அங்கே வர முடியாது. உன் மாமியாரை வரவழைத்துக்கொள், நான் கெஞ்சிக் கேட்டதாகச் சொல். உனக்கென்று போட்ட வடகம் நம் வாசலில் காய்ந்தது, அதனால் அனுப்பவில்லை. மாத்திரையை மறக்காதே, கனமாக எதையும் தூக்காதே.

நீயும் உன் பிள்ளையும் நோய்நொடி இல்லாமல் நூறு வயசு இருக்கவேண்டும். பிறந்ததும் தந்தி கொடு. ஆணோ பெண்ணோ, போட்டோ எடுத்து அனுப்பு. எங்களுக்குக் காட்டவேண்டும் என்று தூக்கிக்கொண்டு மட்டும் வந்துவிடாதே.

இப்படிக்கு,
உன் அம்மா சரோஜா
(அப்பா கன்னியப்பனும் கையெழுத்துப் போட ஆசைப்பட்டார், கையில் பேனா நிற்கவில்லை.)