கடைசியாக ஓடிய நடுச்சுருள்

நண்பா,

சென்ற ஞாயிறு பிற்பகல் தொலைக்காட்சியில் ஒரு பழைய ஆங்கிலப் படம் ஓடிக்கொண்டிருந்தது. பகைவர் பிடியில் சிக்கிய ஏதோ ஒரு சிறு நாடு. மாட்டுக் கொட்டகையில் ஒளித்துவைத்த இரண்டே விமானங்களைக் கொண்டு எதிர்த்துப் போரிடும் சில விமானிகள். ஒரே மேகம் மூன்றாவது முறை வந்தபோதுதான் எனக்கு அடையாளம் தெரிந்தது. தோட்டத்துத் திடலில் நீ மைக் பிடித்துத் தமிழில் கதை சொன்ன படம் அது. முதன்முறையாக அதை உரிய வரிசையில் பார்த்து முடித்தேன். உன் குரல் இல்லாமல் அது யாருடைய படமோ போலிருந்தது.

எண்பதுகளின் நடுப்பகுதி என்று நினைக்கிறேன். ஆண்டை உறுதியாகச் சொல்ல என்னிடம் சான்றில்லை. நான் கோலா சிலாங்கூரில் வழக்கறிஞர். ஆங்கிலப் பள்ளியில் என்னோடு ஒரே பெஞ்சில் அமர்ந்த நீ, தோட்டத்தில் செம்பனைக் குலை ஏற்றும் லோரியின் ஓட்டுநர். நீங்கள் குடியிருந்த பழைய லயங்களை, அந்தத் தொழிலாளர் வரிசை வீடுகளை, இடிக்கப்போவதாக நிர்வாகம் அறிவித்திருந்தது. உங்களுக்கிருந்த ஒரே போக்கிடம் புக்கிட் ரோத்தான் பக்கத்து அரை ஏக்கர் நிலம். அதுவோ உன் தந்தையின் பெயரில் இருந்தது. நீ கைக்குழந்தையாக இருந்தபோது, சயாமில் ரயில் பாதை போட ஜப்பானியர் அவரைக் கொண்டுபோனார்கள். அவர் திரும்பவே இல்லை.

நிலத்தை உன் பெயருக்கு மாற்ற உன் அம்மாவின் சத்தியப் பிரமாணம் தேவைப்பட்டது. நான் எழுதினேன். என் அலுவலகத்தில் அதை அவருக்குத் தமிழில் படித்தும் காட்டினேன்: “என் கணவர் சயாமில் இறந்துவிட்டார்.”

நெற்றிப் பொட்டு வியர்வையில் கரைந்திருக்க, உன் அம்மா என்னை நிமிர்ந்து பார்த்தார். “நீ பார்த்தியா தம்பி?”

“இல்லை, பெரியம்மா.”

“நானும் பார்க்கல. பார்க்காததுக்கு எப்படிக் கைநாட்டு வைக்கிறது?”

நீ கோபித்து எழுந்து வெளியே போனாய். அதன்பின் ஒரு வாரம் தாயும் மகனும் பேசிக்கொள்ளவில்லை என்று உன் மனைவி சொல்லி அறிந்தேன்.

அந்த வாரக் கடைசியில்தான் திடலில் படம். வெள்ளைத் துணி கட்டி, பாய் விரித்து, அந்தி மங்கியதும் தொடங்குவார்கள். படம் காட்டுபவரிடம் கதைச் சுருக்கத்தை நீ முன்கூட்டியே வாங்கிப் படித்திருந்தாய். “டேய் லாயரு, இதுல பைலட் செத்துடுறான். அவன் பொண்டாட்டி அழுதுட்டு, அவன் சட்டைய மடிச்சுப் பெட்டியில வச்சுடுறா. அம்மா பார்க்கட்டும். மனசு இறங்கும்” என்றாய். எனக்கு அது முறையாகத் தோன்றவில்லை. ஆயினும் மறுத்துச் சொல்லவில்லை.

அன்று திடலே சிரித்துக் கிடந்தது. தலைமை விமானிக்கு, தோட்டத்துக் கங்காணியை அழைப்பதுபோல், ‘மண்டோர்’ என்று பெயர் வைத்தாய். “இந்த மேகத்த முன்னமே பார்த்தாச்சு. வேற மேகம் வாங்க அவங்ககிட்ட டுயிட் இல்லலா!” என்றாய். முதல் சுருள் முடிந்தது. அடுத்ததில் விமானம் புகையோடு கடலில் விழுந்தது. மனைவி சட்டையை மடித்தாள். நீ குரலைத் தாழ்த்தி, “அவளுக்கும் தெரிஞ்சுபோச்சு, இனிமே வரமாட்டான்னு” என்றாய். முன்வரிசைப் பாயில் உன் அம்மாவின் தலை கவிழ்ந்தது. நீ என்னைப் பார்த்தாய்.

படம் முடிந்ததாக எழுத்து வந்து, பாதிப் பேர் பாய் உதறத் தொடங்கியபோதுதான், படம் காட்டுபவர் பெட்டியில் ஒரு சுருள் மிச்சமிருப்பதைக் கண்டார். ஒருவரிடமும் சொல்லாமல் அதை மாட்டி ஓட்டிவிட்டார்.

செத்துப்போன விமானி, எண்ணெய்க் கையைத் துணியில் துடைத்தபடி, சிரித்துக்கொண்டே கொட்டகைக்குள் நடந்து வந்தான்.

திடலில் ஒரே கூச்சல். நான் உன்னிடம் விரைந்து வந்து, “இது நடுச்சுருள். சொல்லிவிடு” என்றேன். நீ மைக்கை உள்ளங்கையால் பொத்தி, முன்வரிசையைப் பார்த்தாய். உன் அம்மா தலை நிமிர்ந்து, வாய் சற்றே திறந்து, துணியையே பார்த்திருந்தார்.

“உக்காருடா” என்றாய் என்னிடம். பிறகு மைக்கில், “வந்துட்டான்! நம்ம ஆளு வந்துட்டான்!”

“செத்தவன் எப்படிலா வருவான்?” என்று பின்னாலிருந்து ஒருவர் கத்தினார்.

“செத்தத யாருண்ணே பார்த்தா? பிளேன்தானே விழுந்துச்சு!”

அந்த வாதம் உன் அம்மாவுடையது. சொன்ன பிறகே நீயும் அதை உணர்ந்தாய் போலும். அந்தச் சுருள் விமானம் மேலெழும் காட்சியோடு அறுந்து நின்றது. “அவ்வளவுதான். போய்க்கிட்டே இருக்கான். இன்னும் இறங்கல” என்று முடித்தாய்.

லயத்துக்குத் திரும்பும் வழியில் உன் அம்மா நம் இருவருக்கும் நடுவில் நடந்தார்.

“சுருள மாத்திப் போட்டுட்டான், இல்ல தம்பி?”

என்னால் பொய் சொல்ல முடியவில்லை. “ஆமாம், பெரியம்மா.”

“எனக்குத் தெரியாமலா? எத்தனை படம் பார்த்திருக்கேன்.” சிரித்தார். “ஆனா என் மவன் அவனை மறுபடி சாகடிக்கல பாரு.” பிறகு, ஒரு வாரத்துக்குப் பின் முதல் தடவையாக, உன்னிடம் கேட்டார்: “சாப்டியாய்யா?” நீ தலையை அசைத்தாய்.

மறுநாள் காலை சட்டப் பிரிவை மீண்டும் எடுத்துப் படித்தேன். அவர் இறந்தார் என்று மனைவி சத்தியம் செய்ய வேண்டும் என அதில் எங்குமே இல்லை. ஒருவர் உயிரோடிருந்தால் செய்தி அறிந்திருக்க வேண்டியவர்கள், ஏழாண்டுகளாக அவரைப் பற்றி எதுவும் கேள்விப்படவில்லை என்பதே போதுமானது; மற்றதைச் சட்டமே அனுமானித்துக்கொள்ளும். எச்சரிக்கையாக எழுதுவதாக எண்ணி, சட்டம் கேட்காத ஒன்றை அந்தத் தாயிடம் நான் கேட்டிருந்தேன். திருத்தி எழுதினேன்: “அன்றுமுதல் இன்றுவரை என் கணவரிடமிருந்தோ அவரைப் பற்றியோ எனக்கு எந்தச் செய்தியும் வரவில்லை.”

“இது நெசம்” என்று கைநாட்டு வைத்தார். அந்த நிலத்தில் நீ கட்டிய பலகை வீட்டில் பதினோரு ஆண்டுகள் வாழ்ந்து, பொட்டோடு போய்ச் சேர்ந்தார்.

அன்றிலிருந்து, என் மேசைக்கு எதிரே அமரும் ஒவ்வொருவரிடமும் கையொப்பத்துக்கு முன் கேட்கிறேன்: “உங்களுக்குத் தெரியாத எதையாவது இதில் நான் எழுதியிருக்கிறேனா?” இளம் வழக்கறிஞர்கள் இதை என் பழக்கம் என்கிறார்கள். இதை எனக்குக் கொடுத்தவர்கள் நீங்கள் இருவர்.

சென்ற ஆண்டு உன் மகன் வந்தான். அதே நிலம், இப்போது உன் பெயரிலிருந்து மாற வேண்டும். மருத்துவமனையில் உன் கையைப் பிடித்திருந்தவன் நான். என் கண்ணால் பார்த்தவன். ஆகவே இம்முறை ‘இறந்துவிட்டார்’ என்ற அந்தச் சொல்லை எழுத எனக்குத் தடையேதும் இல்லை. ஆனாலும் அதை எழுத மூன்று நாள் எடுத்துக்கொண்டேன். உன் மகன் படித்துவிட்டு, “சரியா இருக்கு, மாமா” என்றான்.

சரியாகத்தான் இருந்தது.