ஒரு செட் மாத்திரை

வடக்கனந்தல்,
தை மாதம், வெள்ளிக்கிழமை.

அன்புத் தோழி ஃபரீனுக்கு,

செல்வி எழுதுவது. நீயும் அன்சர் அண்ணனும் ஆம்பூரில் சுகமாக இருக்க வேண்டும். இங்கே நான், என் வீட்டுக்காரர், மகள் தேவிப்ரியா மூன்று பேரும் நலம். மூன்று பேரும் என்று எழுதும்போதே கண் கலங்குகிறது. போனில் நன்றி சொல்ல வாயைத் திறந்தால், "இன்னாடி பெரிய மனுஷி மாதிரி பேசுற" என்று பேச்சை மாற்றிவிடுகிறாய். கடிதத்தில் உன்னால் குறுக்கே பேச முடியாது. முழுவதும் படி.

அவர் மூக்கைப் பற்றி உனக்குத் தெரியும். மழை ஓய்ந்து வரப்பெல்லாம் பார்த்தீனியம் வெள்ளையாகப் பூத்துவிட்டால் போதும், விடிந்ததும் தும்மல் ஆரம்பித்துவிடும். கண் சிவந்து மூக்கு ஒழுகும். கரும்பு வெட்டு நடப்பதும் அதே சமயத்தில்தான் என்பதால் டிராக்டரை நிறுத்தி வைக்க முடியாது. நம் ஊர் வழக்கம்தான் தெரியுமே. மெடிக்கலில் போய், "சளிக்கு ஒரு செட் குடுங்க" என்றால் நாலு வகை மாத்திரையை அட்டையிலிருந்து வெட்டித் தாளில் மடித்துத் தருவார்கள். எது எதற்கு என்று நாமும் கேட்பதில்லை, அவர்களும் சொல்வதில்லை. உனக்குப் போன் போட்ட அன்று காலை அவர் ஒரு செட்டை விழுங்கினார். தும்மல் நிற்கவில்லை என்று வீட்டில் மிச்சம் இருந்த சளி சிரப்பையும் எடுத்துக் குடித்தார்.

நான் உன்னைக் கூப்பிட்டது அவருக்காகக்கூட இல்லை. தேவிப்ரியாவும் தும்மினாள். நீ மெடிக்கலில் வேலை பார்க்கிறவள் ஆயிற்றே, அப்பாவின் மாத்திரையைப் பாதி உடைத்து அவளுக்குக் கொடுக்கலாமா என்று உன்னிடம் கேட்கத்தான் போன் போட்டேன். நீ போட்ட சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. பெயரே தெரியாத மாத்திரையைக் குழந்தைக்குக் கொடுப்பாயா என்று திட்டிவிட்டு, அவர் வேறு என்ன குடித்தார் என்று கேட்டாய். சிரப் பாட்டிலைப் படம் எடுத்து அனுப்பினேன். "சளி செட்டுல பெரும்பாலும் தூக்கம் வர்ற மாத்திர இருக்கும்டி. இந்த சிரப்புலயும் அந்த மாதிரி மருந்துதான். ரெண்டும் சேந்தா ஆள அப்படியே அமுக்கிடும். மொதல்ல வண்டி சாவிய எடு, அப்புறம் பேசு" என்றாய்.

வெளியே ஓடினேன். டிரெய்லர் நிறையக் கரும்போடு டிராக்டர் வாசலில் நின்றது. சாவி அதிலேயே தொங்கியது. அவர் தொட்டியடியில் முகம் கழுவிக்கொண்டிருந்தார். போகிற வழியில் பள்ளிக்கூடத்தில் இறங்குவதற்காக, தேவிப்ரியா பையை மாட்டிக்கொண்டு மட்கார்டு மேல் ஏறி உட்கார்ந்திருந்தாள். அவளை இறக்கிவிட்டு, சாவியைக் கொண்டுபோய்க் கேழ்வரகு மாவு டப்பாவுக்குள் புதைத்தேன்.

அவருக்கு வந்ததே கோபம்! "ஏத்துன கரும்பு காஞ்சிக்கினு கெடக்குது, நீ இன்னாடி வெளாடுற? எனக்குத் தூக்கமும் இல்ல, ஒண்ணும் இல்ல" என்று வீட்டையே தலைகீழாக்கினார். காபியைக் குடித்துவிட்டுத் தேடுங்கள் என்று டம்ளரைக் கையில் கொடுத்தேன். கட்டிலில் உட்கார்ந்தார். காபி வேட்டியில் கொட்டியதுகூடத் தெரியாமல், உட்கார்ந்தபடியே தூங்கிப்போனார். மகள் அவர் தோளைப் பிடித்து உலுக்கினால் ம்... என்றுவிட்டு மறுபடியும் சாய்ந்தார். நீ சொன்னபடி சாயங்காலம் வரை எழுப்பி எழுப்பிப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அந்த நேரத்தில் அவர் ஆலைக்குக் கரும்பு ஏற்றிக்கொண்டு கச்சிராயப்பாளையம் ரோட்டில் போய்க்கொண்டிருக்க வேண்டியவர்.

மறுநாள் கள்ளக்குறிச்சியில் டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனேன். இது சளியே இல்லை, பூவின் மகரந்தம் ஒத்துக்கொள்ளாமல் வருவது என்றார். தூக்கம் கம்மியாக வரும் மாத்திரை ஒன்று எழுதி, ராத்திரியில் ஒன்று மட்டும், கூடவே வேறு சளி மருந்தோ சாராயமோ சேரவே கூடாது என்று கண்டித்தார். இதுவும் சிலருக்குத் தூக்கம் தருமாம். உடம்புக்கு எப்படி இருக்கிறது என்று பார்க்காமல் வண்டி ஏறக்கூடாது என்றார். இரண்டு நாள் வீட்டிலேயே இருந்து பார்த்துவிட்டுத்தான் ஏறினார். இப்போது முழு அட்டையாக வாங்குகிறார். பெயரை எழுத்துக்கூட்டி என்னிடம் படித்துக் காட்டுகிறார், பரீட்சைக்குப் போகிற பையன் மாதிரி. முகத்தில் துண்டு கட்டிக்கொண்டு வயலுக்குப் போகிறார். தேவிப்ரியாவின் தும்மல் மருந்தில்லாமலே போய்விட்டது.

நேற்று சாப்பிடும்போது அவர், "அந்தப் பொண்ணு இல்லன்னா இன்னா ஆயிருக்கும்" என்றார். பாதிச் சோற்றில் எழுந்து கை கழுவப் போய்விட்டார். உனக்கென்று வெல்லம் வாங்கி வைத்திருக்கிறார்.

இன்றைக்கும் லோடு ஏற்றிப் போயிருக்கிறார். மகள் பஸ்ஸில் போகிறாள். இருந்தும் அவர் திரும்பி வரும்வரை எனக்கு வேலை ஓடுவதில்லை. நீ மகராசியாக இருக்க வேண்டும், உன் வீடு நிறைய வேண்டும். ஒன்றே ஒன்று கேட்கிறேன். எத்தனை வேலை இருந்தாலும் என் பெயரைப் பார்த்தால் போனை எடுத்துவிடு, ஃபரீன். அன்றைக்கு நீ எடுத்தாய்.

என்றும் உன்னை மறவாத,
செந்தமிழ்ச்செல்வி